மெல்ல மெல்ல ஒரு ஜெர்க்கி: இறைச்சியிலும் இறைச்சி இல்லாமலும்

ஜெர்க்கி என்பது மெல்லியதாக அரிந்து, உப்பும் மசாலாவும் இட்டு உலர்த்திய இறைச்சித் துண்டு. இறைச்சி இல்லாத ஜெர்க்கியைச் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் இறைச்சியின் சுவையை எப்படிக் கொண்டுவருவது என்பதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். ஜெர்க்கியை விரும்பி உண்பவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்துக் கவனித்தால், தேட வேண்டியது வேறோர் இடத்தில் இருப்பது தெரியும். அவர் முதலில் அதை வளைத்துப் பார்ப்பார். பிறகு நார் ஓடும் திசையில் கிழிப்பார். கிழிந்த இழையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் மெல்லுவார். உப்பும் புகையும் மிளகும் அந்த மெல்லலுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும். இந்த வரிசை குலைந்துவிட்டால், சுவை எவ்வளவு பொருந்தினாலும் வாய் அதை ஜெர்க்கி என்று ஏற்பதில்லை. ஆகவே கிழிபடும் விதத்தையும் மெல்லுவதற்குத் தேவைப்படும் உழைப்பையுமே அளவுகோலாக வைத்துக்கொண்டு, முதலில் மாட்டிறைச்சியில் ஒரு தொகுதி செய்தேன். அதை ஒப்பீட்டுக்காக எடுத்து வைத்துவிட்டு, காளான், கோதுமையின் புரதமான குளூட்டன், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு, சோயா ஆகியவற்றில் அதே கலவையைக் கொண்டு செய்துபார்த்ததன் குறிப்புகள் இவை.

செய்முறைக்குப் போகுமுன், இந்த உலர்ந்த துண்டின் மீது மக்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மாற்றுப் பொருள் எதை ஈடு செய்ய வேண்டும் என்பதை அந்த வரலாறுதான் சொல்கிறது. ஆண்டிஸ் மலைத்தொடரில் கெச்சுவா மொழி பேசும் மக்கள் லாமா, அல்பாக்கா இறைச்சியை மெல்லியதாக அரிந்து, உப்பிட்டு, பகல் வெயிலுக்கும் இரவு உறைபனிக்கும் மாறி மாறிக் காட்டி உலர்த்தினார்கள். அவர்கள் அதைச் 'சார்க்கி' என்றார்கள், ஸ்பானியர் வழியாக அந்தப் பெயரே ஜெர்க்கி ஆயிற்று. இன்கா அரசு மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகக் கட்டிய களஞ்சியங்களில் மக்காச்சோளத்தோடும் உறையவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கோடும் இதுவும் சேமிக்கப்பட்டது. வட அமெரிக்கச் சமவெளியில் பைசன் என்னும் காட்டெருது வகையின் இறைச்சியை உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பையும் சில வேளைகளில் காட்டுப் பழங்களையும் சேர்த்துப் 'பெமிக்கன்' செய்தார்கள். ஐரோப்பியத் தோல் வணிக நிறுவனங்களின் படகோட்டிகள் அதை உண்டுதான் கண்டத்தின் குறுக்கே துடுப்புப் போட்டார்கள். 1814-ஆம் ஆண்டு ஜனவரியில் இன்றைய கனடாவில் இருந்த ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல் பெமிக்கனை அப்பகுதியிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை விதித்தபோது, அது தோல் வணிகம் செய்த நார்த் வெஸ்ட் நிறுவனத்தையும், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டி மக்களையும் கொதிப்படையச் செய்தது. அந்தப் பகையின் தொடர்ச்சியாக 1816-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் உயிர்கள் பலியாயின. உலர்ந்த இறைச்சி கையில் இருந்தவரால்தான் அந்தக் குளிர்நிலத்தில் நகர முடிந்தது.

இன்றைய பொட்டலங்களின் மீது அச்சாகும் குதிரைவீரனும் மலைமுகடும் இந்த நினைவின் எச்சங்கள். அவை சொல்லாமல் விடும் பக்கமும் உண்டு: 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் தெற்கே பெலோட்டாஸ் நகரைச் சுற்றிப் பெருந்தொழிலாக வளர்ந்த உப்பு இறைச்சிக் கூடங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகள், அங்கே விளைந்த சரக்கின் பெரும்பகுதி தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கே உணவாகப் போயிற்று. சுதந்திரமான தனிப் பயணியின் உணவு என்ற படம் பிற்காலத்து விளம்பரம் வரைந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் பெட்ரோல் நிலையங்களிலும் லாரி ஓட்டுநர்கள் நிற்கும் இடங்களிலும் தொங்கிய இந்தப் பொட்டலம், புரதத்தைத் தேடி உண்ணும் பழக்கம் பரவியபோது மேல்தட்டுக் கடை அடுக்குகளுக்கும் ஏறியது. சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 2015-இல் க்ரேவ் என்ற ஜெர்க்கி நிறுவனத்தை விலைக்கு வாங்கியதை அந்த மாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். இதற்கு எதிர்த்திசையில், தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதியில் லக்கோட்டா மக்களின் பழைய உணவான வஸ்னாவை அடியொற்றிப் பைசன் இறைச்சியும் கிரான்பெரிப் பழமும் சேர்த்து டாங்கா பார் என்ற தின்பண்டத்தைச் செய்யத் தொடங்கினார்கள். ஒரே பொருளை ஒருவர் புதுமை என்றும் இன்னொருவர் மூதாதையர் சொத்து என்றும் விற்பது இந்தத் துறையில் சாதாரணம்.

இறைச்சி இல்லாத ஜெர்க்கியின் பொட்டலங்களும் அதே மலைமுகட்டையும் அதே கரிய எழுத்தையும் கடன் வாங்குவது எனக்கு வேண்டாத வேலையாகத் தோன்றுகிறது. கிழக்காசியாவின் பௌத்த மடங்களிலும் அவற்றைச் சார்ந்த சைவச் சமையலிலும் கோதுமைப் புரதமும் அழுத்தி உலர்த்திய டோஃபுவும் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகின்றன. ஓரிகான் மாநிலத்தில் காளான் ஜெர்க்கி விற்கத் தொடங்கிய மைக்கேல் பான்கூட, மலேசியாவிலிருந்த தம் உறவினர்கள் செய்துவந்த காளான் தின்பண்டத்திலிருந்தே அந்த யோசனையைப் பெற்றார். குதிரைவீரனின் உடுப்பு இல்லாமலே நிற்கக்கூடிய மரபு அது.

அளவுகோல் தொகுதி

ஒப்பீட்டுக்கான மாட்டிறைச்சிக்குப் பின்தொடைப் பகுதியில் கொழுப்பு மிகக் குறைவான துண்டாகப் பார்த்து எடுத்தேன். கொழுப்பு உலர்வதில்லை, உள்ளேயே இருந்து காற்றோடு வினைபுரிந்து சில வாரங்களில் சிக்கு வாடை தரும். ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வுகளையும் கொழுப்பையும் வழித்தெடுத்துவிட்டு, துண்டை உறைபெட்டியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைத்துப் பாதி இறுகியதும் 5 மில்லிமீட்டர் தடிமனில் அரிந்தேன். பாதியை நாரோடும், பாதியை நாருக்குக் குறுக்கேயும் அரிந்தது வேண்டுமென்றே. நாரோடு அரிந்தது நீள இழைகளாகக் கிழிந்து நெடுநேரம் மெல்ல வைக்கும். குறுக்கே அரிந்தது இரண்டு மூன்று கடியில் உதிர்ந்துவிடும். உப்பும் கலவையும் ஒன்றாகவே இருந்தும், இவ்விரண்டையும் உண்டவர்கள் முதலாவதைத்தான் 'அசல்' என்றார்கள். நாரின் திசை ஒன்றே இவ்வளவு வேறுபாட்டைத் தருமென்றால், தாவரப் பொருளிலும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு அதுதான்.

ஒரு கிலோ இறைச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட கலவை: சோயா சாஸ் 120 மில்லிலிட்டர், வினிகர் 30 மில்லிலிட்டர், பழுப்புச் சர்க்கரை 40 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு 6 கிராம், பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் தலா 5 கிராம், புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்) 8 கிராம், திரவப் புகை ஒரு தேக்கரண்டி. திரவப் புகையை இரசாயனக் கலப்படம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. விறகுப் புகையைக் குளிரவைத்து நீரில் வடித்தெடுப்பதுதான் அது. 1895-இல் மிசௌரி மாநிலத்தில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்தாளுநர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் புகைக்கூடு இல்லாதவருக்கு அது நேர்மையான வழியே, அளவு மீறாத வரை.

இறைச்சியைப் பொறுத்தவரை ஒரு படியை யாரும் தாண்டக் கூடாது. 1995-இல் ஓரிகானில் வீட்டில் உலர்த்திய மான் இறைச்சி ஜெர்க்கியை உண்டவர்கள் ஈ.கோலை ஓ157 கிருமியால் நோயுற்றார்கள். உலர்த்தும் கருவியின் காற்று 60 டிகிரி செல்சியஸைக் காட்டினாலும், துண்டின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இறைச்சி அந்த வெப்பத்தை நெடுநேரம் எட்டுவதில்லை. எட்டும் நேரத்தில் கிருமிகள் வறட்சிக்குப் பழகி வெப்பத்தைத் தாங்கக் கற்றுவிடுகின்றன. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, உலர்த்துவதற்கு முன்பே மாட்டிறைச்சியின் உள்வெப்பம் 71 டிகிரியையும் கோழி இறைச்சியின் உள்வெப்பம் 74 டிகிரியையும் தொட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. ஊறிய துண்டுகளைக் கலவையோடு சேர்த்தே கொதிக்கவிட்டு, வெப்பமானியால் சரிபார்த்து, பிறகு தட்டுகளில் பரப்பினேன். இதனால் மேற்பரப்பு சற்று வெளிறும், இழைகளும் கொஞ்சம் நெகிழும். ஆனாலும் இதில் பேரம் பேச இடமில்லை.

கருவியை 65 டிகிரியில் வைத்தபோது நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் துண்டுகள் தயாராயின. ஒரு துண்டை வெளியே எடுத்து முழுதும் ஆறவிட்டு வளைத்தால் மேற்பரப்பில் விரிசல் விட்டு வெண்ணிற இழைகள் தெரிய வேண்டும்; இரண்டாக ஒடிந்தால் உலர்வு மிகுந்துவிட்டது என்று பொருள். சூடாக இருக்கும்போது எல்லாத் துண்டுகளும் வளையும் என்பதால் ஆறவிடாமல் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்புவது மேல்: ஒரு கிலோ, ஏறத்தாழ 400 கிராமுக்கு வந்ததும் நிறுத்தினேன். தொழிற்சாலைகள் அளப்பது நீர்ச் செயல்பாடு என்னும் எண்ணை; அதாவது பொருளில் உள்ள நீரில் நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பங்கை. தூய நீருக்கு அது 1. காற்றுப்படும் பொட்டலத்தில் வெளியே வைத்து விற்கும் ஜெர்க்கிக்கு 0.85 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஒரே அளவு ஈரமுள்ள இரண்டு துண்டுகளில் உப்பு கூடியது பத்திரமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் உலர் இறைச்சியான பில்டாங் தடித்த துண்டாக இருந்தும் வெப்பமே இல்லாமல் காற்றில் உலர்வதற்கு, முன்கூட்டி இடும் உப்பும் வினிகரும் பெரிய காரணம். அதுவும் நல்ல உணவுதான், ஆனால் வேறு இனம். இங்கே அதற்குள் நுழையவில்லை.

காளான்

காளானில் எது என்பதுதான் முதல் முடிவு. பொத்தான் காளான் மெல்லியதாக உலர்ந்து நொறுங்கிப் போகும். கிங் ஆய்ஸ்டர் எனப்படும் தடித்த தண்டுடைய சிப்பிக் காளானில் இழைகள் தண்டின் நீளத்தோடு ஓடுகின்றன. கத்தியைத் தொடாமல் கையாலேயே விரல் தடிமனில் கிழித்தால் அந்த இழைகள் அறுபடாமல் வரும். காய்கறியின் செல்சுவரைப் பிணைத்திருக்கும் பெக்டின் வேகும்போது கரைந்துவிடுகிறது. காளானின் செல்சுவரில் உள்ள கைட்டின் வெப்பத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. எவ்வளவு வேகவைத்தாலும் காளான் குழையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். மெல்லும் உழைப்பைத் தேடுபவருக்கு இது இயற்கை தந்த வசதி.

சிக்கல் உப்பில் இருக்கிறது. காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். ஒரு கிலோ இறைச்சி 400 கிராமாக வற்றும்போது உள்ளிருக்கும் உப்பு இரண்டரை மடங்கு செறிகிறது. 500 கிராம் காளானோ மசாலாவையும் சேர்த்து 65 கிராமை ஒட்டித்தான் மிஞ்சும். இறைச்சிக்குரிய விகிதத்தில் 60 மில்லிலிட்டர் சோயா சாஸ் ஊற்றினால், உலர்ந்த பிறகு எடையில் ஏழில் ஒரு பங்கு உப்பாகவே இருக்கும். வாயில் வைக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் காளான் ஜெர்க்கிக் குறிப்புகள் பலவும் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. நான் பின்பற்றுவது, ஈரமான எடையை மறந்துவிட்டு இறுதி எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறை. இறுதியில் நான்கரை விழுக்காடு உப்பு போதும், அது மாட்டிறைச்சித் தொகுதிக்கும் ஏறத்தாழ அதுவேதான். அப்படிப் பார்த்தால் 500 கிராம் காளானுக்குச் சோயா சாஸ் 20 மில்லிலிட்டர் போதும். சர்க்கரை, மிளகு, புகை எல்லாவற்றையும் இதே கணக்கில் குறைக்க வேண்டும்.

கிழித்த காளானைப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி நீரை வடித்தேன். வடிந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. அதை அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்து, அதிலேயே சோயா சாஸையும் மற்றவற்றையும் கலந்து, காளானை அதில் ஊறவிட்டால் இழந்த சுவை முழுதும் திரும்பி உள்ளே போகிறது. நான்கு மணி நேர ஊறலுக்குப் பிறகு 60 டிகிரியில் உலர்த்தினேன். தொடக்கத்திலேயே வெப்பத்தைக் கூட்டினால் மேல்தோல் இறுகி ஈரம் உள்ளே சிறைப்படும். வெளியே தோல் போலவும் உள்ளே பிசுபிசுப்பாகவும் இருக்கும் அந்தத் துண்டு முதலில் பூஞ்சை பிடிப்பதற்கு உரியது.

கிழக்காசியச் சமையலில் பழகிய ஷிட்டாக்கே காளான் வேறு வகையில் உதவியது. கிழிபடும் நார் அதில் இல்லை. ஆனால் தொப்பிப் பகுதி தோல் போன்ற இறுக்கத்தோடு உலர்கிறது, சுவையில் அதை எதுவும் வெல்வதில்லை. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-இல், உமாமி எனப்படும் இறைச்சிச் சாறு போன்ற சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். குவானிலேட் என்ற பொருள் அந்தக் குளுட்டமேட்டோடு சேரும்போது சுவை பன்மடங்கு பெருகுவதைப் பின்னர் அகிரா குனினாகா காட்டினார். சோயா சாஸில் முதலாவது இருக்கிறது, உலர்ந்த ஷிட்டாக்கேயில் இரண்டாவது இருக்கிறது. எனவே பச்சைக் காளானைவிட, ஏற்கெனவே உலர்ந்ததை வாங்கிக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு மெதுவாகச் சூடேற்றுவதே சிறந்தது. காளானின் நொதிகள் குவானிலேட்டை உருவாக்கும் வேலை 60 முதல் 70 டிகிரி வரையிலான இடைவெளியில்தான் நன்றாக நடக்கிறது, கொதிநீரில் போட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

கோதுமைக் குளூட்டன்

நாரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை, நாமே உருவாக்கலாம். ஆகவே நான் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். குளூட்டன் மாவில் நான்கில் மூன்று பங்கு புரதம். நீர் பட்டதும் அதன் புரதங்களான குளூட்டெனினும் கிளியாடினும் வலை போலப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலைக்குத் திசை கிடையாது; எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடும். அப்படியே வேகவைத்தால் கிடைப்பது அழிரப்பர். திசையைக் கொண்டுவருவதற்குப் பிசைதலும், அதைவிட முக்கியமாக, ஒரே போக்கில் இழுத்து முறுக்குவதும் வேண்டும்.

குளூட்டன் மாவு 180 கிராம், கடலை மாவு 20 கிராம், பூண்டுத் தூள், பாப்ரிகா ஆகியவற்றை உலர்ந்த நிலையிலேயே கலந்துகொண்டேன். கடலை மாவு வலையின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, மெல்லும்போது கீச்சிடும் உணர்வைக் குறைக்கிறது. ஷிட்டாக்கே ஊறிய நீர் 150 மில்லிலிட்டர், சோயா சாஸ் 40 மில்லிலிட்டர், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, திரவப் புகை அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாக ஊற்றிப் பிசைந்தேன். எண்ணெய் இங்கே சுவைக்காக: புகையின் மணத்தைத் தரும் பீனால் வகைப் பொருள்களில் பல கொழுப்பில் நன்றாகக் கரைபவை, கொழுப்பே இல்லாத துண்டில் புகை நாக்கில் பட்டு உடனே மறைந்துவிடுகிறது. மாவு பிளவுபட்டு இழையோடத் தொடங்கும் வரை பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்தேன். ஓய்வெடுத்த மாவு எதிர்ப்பின்றி நீளும். அதை முன்கை நீளத்துக்கு இழுத்து, கயிறு திரிப்பது போல முறுக்கி, பாதியாக மடித்து மறுபடியும் முறுக்கி, முடிச்சிட்டு, தாளில் தளர்வாகச் சுற்றி 45 நிமிடம் ஆவியில் வேகவைத்தேன். தளதளவெனக் கொதிக்கும் நீரில் போட்டால் நீராவி உள்ளே குமிழ்களை ஏற்படுத்திப் பஞ்சாக்கிவிடும்; ஆவியில் வேகவைத்தால் இறுக்கம் காக்கப்படுகிறது.

வெந்த முடிச்சைச் சூட்டோடு அரிய ஆசை வரும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால்தான் இழைகள் தனித்தனியாகப் பிரியும் அளவுக்கு இறுகுகின்றன. மறுநாள் முடிச்சை அவிழ்த்து, முறுக்கு ஓடிய திசையிலேயே கையால் கிழித்தேன். கிழிந்த விளிம்பில் மாட்டிறைச்சித் துண்டின் விளிம்பில் தெரிந்த அதே ஒழுங்கற்ற இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கத்தியால் அரிந்த துண்டுகளில் அது இல்லை. இன்னும் 30 மில்லிலிட்டர் சோயா சாஸோடு சர்க்கரை, வினிகர், மிளகு கலந்து மேலே புரட்டி, 70 டிகிரியில் மூன்று முதல் நான்கு மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட்டு, உலர்த்தியபோது 260 கிராமை ஒட்டி நின்றது. கணக்குப்படி 100 கிராமில் புரதம் 50 கிராமைத் தாண்டுகிறது. கடைகளில் விற்கும் மாட்டிறைச்சி ஜெர்க்கியில் அது சுமார் 33 கிராம். கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் வைத்து வெற்றி கொண்டாட முடியாது. குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இது முற்றிலும் விலக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டோஃபுவும் சோயாவும்

டோஃபுவை வெறுமனே அரிந்து உலர்த்தினால் கிடைப்பது கெட்டியான, ஒரே சீரான அட்டை, கிழிபடாது, முறியும். வழி உறைபெட்டியில் இருக்கிறது. இறுகிய டோஃபுவை உறையவைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிப்படிகங்களாகி, புரதத்தைத் தள்ளி அடுக்கடுக்காக நெருக்குகிறது. உருகிய பிறகு பிழிந்தால் துளைகளோடு கூடிய இழுபடும் பொருள் கையில் இருக்கும். ஜப்பானின் கோயா மலையில் உள்ள மடங்களோடு தொடர்புபடுத்தப்படும் கோயா டோஃபு குளிர்கால இரவுகளின் உறைபனியைக் கொண்டு இப்படித்தான் உருவானது. ஆண்டிஸ் மலையில் லாமா இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் உறைபனி செய்த வேலையை, கடலுக்கு அப்பால் மற்றொரு மலையில் சோயாவுக்கும் அதே உறைபனி செய்திருக்கிறது. நான் உறையவைத்து உருக்கிப் பிழிவதை இருமுறை செய்து, தடிமனாக அரிந்து, 90 டிகிரி ஓவனில் கதவைச் சற்றுத் திறந்து வைத்து உலர்த்தினேன். மென்மை கலந்த இழுவை கிடைத்தது, நார் கிடைக்கவில்லை. பல் வலுவில்லாதவர்களுக்கு ஏற்றது என்ற அளவில் அதற்கு ஓர் இடம் உண்டு.

மீல் மேக்கர் என்று பலரும் சொல்லும் சோயா உருண்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எண்ணெய் நீக்கிய சோயா மாவை வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துளை வழியே தள்ளும்போது அது வெளிக்காற்றில் திடீரெனப் பொங்கி இழைத்தன்மை பெறுகிறது. இந்தப் பொருள் 1960-களில் அமெரிக்காவில் தொழில்முறையாக உருவானது. கொதிநீரில் ஊறவைத்துப் பிழிவதை மீண்டும் மீண்டும் செய்து பச்சைப் பயற்று வாடையைப் போக்கிய பிறகு, தட்டையான துண்டுகளாக இருந்தால் ஜெர்க்கிக்கு ஓரளவு ஒத்துவரும். உருண்டை வடிவம் உலரும்போது நொறுங்கும் தன்மைக்கே போகிறது. மலிவு, விரைவு ஆகிய இரண்டைத் தவிர இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

எல்லாத் தொகுதிகளையும் ஜெர்க்கியை வழக்கமாக உண்ணும் சிலருக்கு, எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். குளூட்டன் துண்டை மாட்டிறைச்சி என்று ஒருவரும் ஏமாறவில்லை, ஏமாற்றுவது என் நோக்கமும் இல்லை. ஆனால் பேச்சு வேறு பக்கம் போனபோது அவர்கள் கை திரும்பத் திரும்பப் போனது நாரோடு அரிந்த இறைச்சிக்கும், முறுக்கிக் கிழித்த குளூட்டனுக்கும், கிங் ஆய்ஸ்டர் தண்டுக்கும்தான். சுவையில் முந்திய ஷிட்டாக்கே பாராட்டைப் பெற்றது. தட்டில் மிஞ்சவும் செய்தது. நாருக்குக் குறுக்கே அரிந்த அசல் மாட்டிறைச்சியும் அதே தட்டில் மிஞ்சியிருந்தது. உடல்நலக் காரணத்துக்காக மாற்று தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது உண்மை, ஆனால் உப்பைப் பொறுத்தவரை காளானோ குளூட்டனோ தானாக நல்லதாகிவிடாது, மேலே சொன்ன பின்னோக்கிய கணக்கைப் போட்டவருக்குத்தான் குறையும்.

இப்போது நான் தொடர்ந்து செய்வது இரண்டையும் இணைத்த வடிவம். வேகவைத்து அழுத்திய கிங் ஆய்ஸ்டர் இழைகள் 150 கிராமை, ஓய்வெடுத்த குளூட்டன் மாவை இழுத்துப் பரப்பி அதன்மேல் நீளவாக்கில் அடுக்கி, சுருட்டி முறுக்குகிறேன். காளானின் ஈரத்தை ஈடுகட்ட மாவில் ஊற்றும் நீரில் 30 மில்லிலிட்டரைக் குறைத்தால் போதும். கிழிக்கும்போது இரண்டு வகை இழைகள் வெவ்வேறு இடங்களில் விட்டுக்கொடுப்பதால், மெல்லுதல் ஒரே சீராக இல்லாமல் இறைச்சியில் இருக்கும் அந்த ஏற்ற இறக்கத்தோடு அமைகிறது. உலர்த்தும் நேரம் ஒரு மணி நேரமாவது கூடும். ஆறிய துண்டுகளைக் கண்ணாடிச் சாடியில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, சில நாள்கள் தினமும் குலுக்கிக் கவனிக்க வேண்டும். சாடியின் உட்புறம் பனித்தால் எல்லாவற்றையும் எடுத்து மீண்டும் கருவியில் இட வேண்டும். தாவரப் பொருள் என்பதால் கெடாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நீர்ச் செயல்பாட்டை அளக்கும் கருவி வீட்டில் இல்லாத நிலையில், இரண்டு வாரத்துக்கு உரியதைக் குளிர்பெட்டியிலும் மிச்சத்தைக் காற்றுப் புகாத பையில் உறைபெட்டியிலும் வைக்கிறேன். வெளியே எடுத்துச் செல்வதானால் அன்றைக்குத் தீரக்கூடிய அளவு மட்டும்.